பக்கத்து வால்வு

உலையடியில் பதினொரு வருஷம் வேர்வை வடித்த எனக்கு மேசையும் நாற்காலியும் கிடைத்தது ஒரு தாளால்தான்.

எங்கள் பட்டறையில் சலவைக்கடைகளுக்குச் சின்ன பாய்லர் செய்தோம். அதோடு போகும் செய்முறைத் தாளை எஞ்சினியர் எழுதுவார். ‘கலனின் உள்ளழுத்தம் புறவளி அழுத்தத்தோடு சமநிலை எய்திய பின்னரே மூடியை நீக்குக’ என்கிற தினுசில் இருக்கும். சலவைக்காரர்கள் அதை மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்தும் நன்றாக இருக்கிறது, வாயும் சும்மா இருப்பதில்லை என்று முதலாளி என்னை எழுதச் சொன்னார். தேறினால் மேசை, தேறாவிட்டால் பழையபடி உலை. குனிந்தால் சுவரைப் பிடித்து நிமிர்கிற இடுப்பு அப்போதே எனக்கு. நாற்காலிக்கென்று என் மனைவி பழைய துணியில் மெத்தையே தைத்துவிட்டாள்.

எஞ்சினியரின் வாக்கியங்களைத் தலையில் தட்டி உட்கார வைத்தேன். எட்டே வரி. தண்ணீர் நிரப்புகிற இடம் இப்படி: அடுப்பை அணைக்கவும். பத்து நிமிடம் பொறுக்கவும். மூடியைத் திறக்கவும். தண்ணீர் ஊற்றவும். ஃபிட்டர்கள் வாசித்துத் தலையாட்டினார்கள். எஞ்சினியரும் மனசில்லாமல் ஆட்டினார்.

முதலாளி லேசில் விடவில்லை. பாய்லரை ஓட்டியே பார்க்காத ஆள் தாளைப் பார்த்து ஓட்டட்டும் என்றார். பெட்டி கட்டும் அக்காவைக் கூப்பிட்டோம். அவளுக்கு எடைக்கல் என்று பட்டப்பெயர். வைத்த இடத்தை விட்டு அசையமாட்டாள். மேலெல்லாம் வைக்கோல் ஒட்டியபடி வந்தாள். அந்த வாசம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

வரிக்கு வரி விரல் வைத்து வாசித்துச் செய்தாள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். கடிகாரத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. பிறகு துணியைச் சுற்றி மூடியைப் பிடித்தாள். திருகுவதற்குள் எஞ்சினியர் கை, தலைமை ஃபிட்டர் கை, என் கை, மூன்றும் மூடிக்குப் பக்கத்து வால்வுக்குப் பாய்ந்து அதைத் திருப்பின. உள்ளே அடைந்திருந்த மிச்ச ஆவி அது வழியாகக் கூரை வரை சீறியது.

எடைக்கல் நகரவில்லை. “ஏம்ப்பா, மூணு பேரு கையும் ஒரே எடத்துக்கு ஓடுதே. அந்த எடம் தாள்ல எங்க இருக்கு?”

எங்குமே இல்லை. மூடியைத் தொடுமுன் அந்த வால்வைத் திருப்புவது எங்களுக்குக் கண் இமைப்பது மாதிரி. யாருமே அதை ஒரு வேலையாக நினைத்ததில்லை.

“நான் எழுதினதுல இருந்துச்சு,” என்றார் எஞ்சினியர்.

“இருந்துச்சு சார். யாரு படிச்சா?” என்றாள் எடைக்கல்.

அவர் தாளில் விஷயம் இருந்தது, ஒருவருக்கும் புரியாமல். என் தாள் எல்லோருக்கும் புரிந்தது. ஆளைக் காப்பாற்றும் விஷயம்தான் விட்டுப்போனது. உலையின் சூடு முகத்தில் அடிப்பதுபோல் இருந்தது எனக்கு.

முதலாளி என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். திருத்தி எழுது, அவள் மறுபடி ஓட்டட்டும், நீங்கள் மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்றார். அங்கேயே ஒரு பெட்டிமேல் தாளை வைத்து எழுதினேன்: பக்கத்து வால்வைத் திறக்கவும், சீறல் அடங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது. அவள் ஓட்டினாள். எங்கள் கைகளுக்கு வேலை வரவில்லை.

மேசை நிலைத்தது. அவள் வேலையை விட்டுப் போகும்வரை, எடைக்கல் ஓட்டிப் பார்க்காமல் என் தாள் ஒன்றுகூட வெளியே போனதில்லை. அவள் எங்கே முழித்தாலும் தப்பு என்னுடையது.

போன மாதம் ஒரு சலவைக்கடையில் எங்கள் பழைய பாய்லரைப் பார்த்தேன். சுவரில் அதே தாள், ஆவி பட்டுப் பழுப்பேறி. கடைக்காரப் பெண் என்னோடு பேசியபடியே இடது கையால் வால்வைத் திருப்பினாள். சீறி அடங்கியது. தாளில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

“அத வேற எழுதுவாங்களா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“புதுசா யாராச்சும் வேலைக்கு வந்தா,” என்றேன், “அந்தத் தாளைக் கொஞ்சம் தொடச்சு வைம்மா.”