முன்னால் வைத்த ஒன்று

காலை ஒன்பது பதினேழுக்கு அண்ணன் போன் செய்தான்.

"பாப்பா, புதுசு எதுவும் இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

அண்ணனுக்குக் கண் தெரியாது. மருந்துக் கிடங்கில் பதினொரு மணிக்கு அவனுக்கு வேலைத் தேர்வு. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்டு ஆர்டர்களைப் பதிய வேண்டும். பழைய பதிப்பு புள்ளியை விழுங்கிவிடும், 2.5 மில்லியை இருபத்தைந்து என்று வாசிக்கும்.

அது திருத்தப்பட்ட 1.0 பதிப்பை நேற்றே லினக்ஸ் மென்பொருள்களைச் சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியவள் தங்கைதான். கிடங்குக் கணினி அங்கிருந்து மட்டுமே எதையும் எடுத்துக்கொள்ளும்.

"இப்ப அதுல இருக்கிற பதிப்பு என்ன நம்பர்? கேட்டுச் சொல்லு."

"ரெண்டு கோடியே ரெண்டு லட்சத்து நாப்பதாயிரத்து..."

"போதும்ணா."

மென்பொருள் அரைவேக்காடாக வளர்ந்துகொண்டிருந்தபோது, அன்றன்றைய நிலையை ஏற்றி, தேதியையே பதிப்பு எண்ணாக வைத்தவள் அவள். முன்னால் ஒரு பூஜ்யமும் புள்ளியும் போட்டு, அதை ஒன்றைவிடச் சிறியதாக்கியிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டாள். கணினிக்குத் தேதி தெரியாது. எது பெரிய எண்ணோ அதுதான் புதியது. ஒன்று எங்கே, இரண்டு கோடி எங்கே.

வழி ஒன்றுதான். எண்ணுக்கு முன்னால் "1:" சேர்த்தால் கணினி பழைய கணக்கை விட்டுவிடும். ஆனால் சேர்த்ததை எடுக்க முடியாது. எடுத்தால், அடுத்து வரும் பதிப்பெல்லாம் பழையதாகிவிடும். எண்ணில் சொதப்பியவர்களின் அடையாளம் அது; அடுத்தவர் ஏற்றிய மென்பொருளில் அந்த ஒன்றைப் பார்த்தால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஏழு வருடமாக அவள் ஏற்றிய எதிலும் அது கிடையாது.

"பாப்பா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். நான் பண்ணின கூத்துதான். பத்தரைக்குள்ள வந்துரும்."

சேர்த்தாள். காரணம் கேட்ட கட்டத்தில் "தேதியை எண்ணாக வைத்தேன், என் தவறு" என்று எழுதினாள். ஒப்புதல் தர வேண்டியவன், இதே ஒன்றுக்காக அவள் அதிகம் கேலி செய்த கூட்டாளி. இரண்டு நிமிடத்தில் தந்துவிட்டான். கீழே ஒரு வரி: "வாங்க மேடம், வாங்க. உங்களுக்குன்னு ஒரு நாற்காலி காலியாவே வெச்சிருந்தோம்."

அவள் புதிய பதிப்பைக் களஞ்சியத்தில் ஏற்றினாள்.

பத்து நாற்பதுக்கு அண்ணன் மறுபடி அழைத்தான். பின்னால் மென்பொருளின் குரல் கேட்டது: இரண்டு புள்ளி ஐந்து மில்லி.

"புள்ளி வந்துருச்சு பாப்பா. நம்பருக்கு முன்னாடி மட்டும் ஒரு ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. அதை எப்ப எடுப்பே?"