நாலாவது ஸ்பீக்கர்

பாட்டரியின் இரண்டு வயர்களையும் ஸ்பீக்கர் பெட்டியின் பின்துளையில் கெயில் தொட்டாள். முன்பக்கம் மண்டியிட்டிருந்த சித்தப்பா கென், "குதிக்குது, குதிக்குது" என்றார்.

"எத்தன?"

"நாலும்தான்."

"எந்தப் பக்கம்னு பாருங்க சித்தப்பா. வெளியவா, உள்ளயா?"

மறுபடி தொட்டாள். சித்தப்பா கண்ணைச் சுருக்கினார். அவளே எட்டி வளைந்து, தொட்டுக்கொண்டே முன்பக்கத்தைப் பார்த்தாள். மூன்று ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பு வெளியே துள்ளியது. கீழே வலப்பக்கம் இருந்த நாலாவது மட்டும் உள்ளே போனது.

முன்னறையில் அப்பா மூச்சுவிடும் சத்தம் நின்றது. இருவரும் அப்படியே இருந்தார்கள். அது திரும்ப வந்த பிறகுதான் அவர்களும் மூச்சுவிட்டார்கள். காலையில் வந்த நர்ஸ் ஊசி மருந்தைக் கூட்டிவிட்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் பெட்டிய ஒரு தடவ கேக்கணும்." முப்பது வருஷமாக ஷெட்டில் கிடந்த கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி அது. துணியைப் பூஞ்சை அரித்திருந்தது, வயர்களை எலி கடித்திருந்தது. கெயில் வீடு வீடாகத் திருட்டு அலாரம் மாட்டுகிறவள். வயர் அவளுக்குப் புதிதில்லை. குழப்பம் வரக்கூடாது என்று ஒவ்வொரு வயராகக் கழற்றி, எது எங்கே இருந்ததோ அதே இடத்தில் புது வயரை வைத்து ஈயம் உருக்கியிருந்தாள். அப்பாவின் பெட்டியை அப்பா வைத்திருந்தபடியே திருப்பித்தர நினைத்தாள். அதில்தான் வினை: பழைய தப்பும் அப்படியே வந்துவிட்டது.

நாலும் ஒன்றாகத் தள்ளவேண்டும். மூன்று தள்ளும்போது ஒன்று இழுத்தால் கனத்த சத்தமெல்லாம் உள்ளுக்குள்ளேயே அடிபட்டுப் போகும். வெளியே வருவது தகர டப்பா.

"இந்த ஸ்பீக்கர் மட்டும் வேற மாதிரி இருக்கே. யார் மாட்டினது?"

கென் துணியால் கையைத் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லை. "எழுபத்திரண்டுல. பில்ஸ்டன் கிளப்புல. பழசு கிழிஞ்சுபோச்சு. உள்ள பிங்கோ ஆட்டத்துக்கு நம்பர் சொல்லிட்டிருந்தாங்க, அது முடிஞ்சதும் நாங்க வாசிக்கணும், அதுக்குள்ள மாத்தணும். கார் பார்க்குல வச்சு..."

"யாரு?"

"நாந்தான்."

அப்படியென்றால் எழுபத்திரண்டிலிருந்தே பெட்டி மெலிந்த சத்தம்தான் தந்திருக்கிறது. அப்பா வாசிப்பை விட்ட கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எழுபத்துநாலில் கடலோர ஊர் ஒன்றில் கோடைக்காலம் முழுக்க வாசிக்க அப்பா கிட்டார் வாசித்துவந்த இந்தத் தம்பியின் குழுவுக்கு அழைப்பு வந்தது. போவதற்கு முந்தின வாரம், "உன் கையில கனமில்ல அண்ணே" என்று கென் சொல்லி, அப்பாவுக்குப் பதிலாக வேறொருவனைச் சேர்த்துக்கொண்டார். அப்பா சண்டை போடவில்லை. பூட்டுத் தொழிற்சாலைக்குப் போய் முப்பத்தெட்டு வருஷம் சாவி அறுத்தார். கெயிலின் கல்யாணத்தில் ஒரே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கெஞ்சியபோது, தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுங்களுக்கு வராதும்மா" என்றார்.

"அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"போற நேரத்துல மனுஷனுக்கு இது எதுக்கு, கெயில்?"

"கையில குத்தம் இல்லன்னு தெரிஞ்சுட்டுப் போகட்டும்."

"தெரிஞ்சு?"

அவள் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினாள். இரண்டு வயர்களை இடம் மாற்றிவைக்க ரெண்டே நிமிஷம்தான் ஆனது. பாட்டரியால் தொட்டாள். நாலும் வெளியே துள்ளின.

நடையில் முட்டி மோதி முன்னறைக்குத் தூக்கிப் போனார்கள். இடுப்பு ஒடியும் கனம். அப்பா நெவில் ஜன்னலோரக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். கென் தொப்பியைக் கழற்றி, அதோடே பேசுகிறவர் மாதிரி சொன்னார்: "அண்ணே, அந்த நாலாவது ஸ்பீக்கருக்கு நான் வயர தலகீழா மாட்டிட்டேன். அன்னிக்கு. கை உன்னோடது நல்ல கைதான். தப்பு என்னோடது."

அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூச்சு மட்டும் வேகமாகியது. கென் தான் கொண்டுவந்திருந்த கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியோடு இணைத்து, அடிக்கம்பியை ஒரு தரம் மீட்டினார். அலமாரியில் டீ கோப்பைகள் கிணுகிணுத்தன. தரை அதிர்ந்தது. கெயிலுக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவு நல்ல சத்தமா என்று.

அப்பா கண் திறந்தார். தம்பியைப் பார்த்தார்.

"வெளிய போடா."

"அண்ணே..."

"போ."

கென் தொப்பியைக் கையில் பிடித்தபடியே போனார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே, குட்டைச் சுவரோரம், தூறலில் அவர் தோள் தெரிந்தது. பாவி, நல்லது செய்கிறேன் என்று கிளம்பி அப்பாவின் கடைசி நாளையும் கெடுத்துவிட்டோமே என்று கெயில் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"மாத்து" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"பழையபடி மாத்து. இந்தச் சத்தம் யாருதோ."

"அப்பா, இதுதான் சரியான சத்தம்."

"மாத்தும்மா."

அவசரத்தில் இரண்டு ஸ்க்ரூ கட்டிலுக்கடியில் உருண்டன. விரலைச் சுட்டுக்கொண்டாள். இருபது வருஷ வேலையில் தெரிந்தே தப்பாக ஒரு வயரை வைப்பது இதுதான் முதல் தடவை. அப்பாவின் மூச்சு நிற்கும்போதெல்லாம் அவள் கையும் நின்றது. பின்பலகையை மாட்டாமலே கிட்டாரைத் தூக்கினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். மூக்கடைத்தவன் பேசுவது போல மெலிந்து வந்தது சத்தம்.

போர்வைமேல் அப்பாவின் இடதுகை விரல்கள் அசைந்தன. ஒன்று அழுத்தியது, இரண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தன. எந்தப் பாட்டு என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் தட்டத் தட்ட விரல்கள் இடம் மாறின. கொஞ்ச நேரத்தில் அவள் மட்டும்தான் தட்டிக்கொண்டிருந்தாள்.

மூச்சு திரும்ப வரும் என்று காத்திருந்தாள். நாலேகால் ஆனது. அப்புறம் நர்ஸுக்கு போன் செய்தாள்.

வாசல் கதவு திறந்தது. கென் நடையில் ஓடிவந்து, முன்னறை நிலைக்கு வெளியே நின்றுவிட்டார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பழைய சத்தம் கேட்டுச்சே. ஏன் மாத்தின?"

"அப்பா கேட்டாரு."

அவர் கட்டிலைப் பார்த்தார். புரிந்துகொண்டார். ஒரு காலை எடுத்து வைக்கப்போய், பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னக் கூப்பிட்டானா, கெயில்?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். அவள் வாயைத் திறந்தாள். அப்பாவின் விரல்கள் இன்னும் அந்தக் கடைசி இடத்திலேயே இருந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"இல்ல சித்தப்பா."

"சரி" என்றார் கென். "வெளிய போன்னுதான் சொன்னான்."

"உள்ள வாங்க."

"இருக்கட்டும்மா."

அரைமணி கழித்து நர்ஸ் வந்தாள். "கொஞ்சம் வழி விடுங்க, சார்." எழுபத்தொரு வயசு மனிதர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தொப்பியை மார்போடு அணைத்து, அவளுக்கு வழிவிட்டார். அவள் உள்ளே போனதும் மறுபடி நிலைக்கு வெளியே வந்து நின்றார்.