நாலு நாற்காலி

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் சிக்கனம். அந்த மனுஷனை நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

ஆஸ்பத்திரி வார்டுக்குள் போன் சிக்னல் தருகிற மெஷின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதன் பலகையில் அறுபத்துநான்கு ஆன்டெனா, பின்னால் நான்கே ரேடியோ சர்க்யூட். அதில் தப்பே இல்லை. ஒழுங்காகச் செய்தால் அந்த நாலும் நாலு பேரைக் குறிவைத்து அலையை அனுப்பும், ஆள் நகர்ந்தால் கூடவே திரும்பும். திருப்புகிற சிப்புகள் விலை அதிகம் என்று சிக்கனம் அவற்றைக் கழற்றிவிட்டு, மாறாத இணைப்புகளைப் போடச் சொன்னார். அலை நாலு இடத்தில் மட்டும் விழுந்தது. சீ, இதற்குப் பெயர் கண்டுபிடிப்பாம்!

ஆஸ்பத்திரி அதிகாரிகள் பார்க்க வந்த அன்று, சரியாக அந்த நாலு இடத்தில் நாலு நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு போனை வைத்தார். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியது நான்தான். உட்கார்ந்து பேசிப் பார்த்த ஒரு அதிகாரி போனோடு எழுந்தார்.

"சார் சார், உக்காருங்க, காபி வருது," என்று சிக்கனம் பல்லை இளித்துக்கொண்டே அவர் தோளை அமுக்கினார்.

அந்த ஆஸ்பத்திரியில் என் அக்கா நர்ஸ். ஓடிக்கொண்டே போன் பேசுகிறவள். சோதனை அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிக்கனத்தைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"நர்ஸுங்க நாற்காலியிலயா சார் உக்காந்திருப்பாங்க?"

"வாயத் திறந்தே, உன் வேலை போச்சு."

கையெழுத்துப் போட்டேன். அன்று வீட்டுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவினால் போகிற அழுக்கா அது?

இரண்டு மாதம் கழித்து, நண்பகலில், அக்கா அழைத்தாள். குரல் துண்டுதுண்டாக வந்தது.

"ஒருத்தருக்கு மூச்சுத் திணறுது... டாக்டர் வெளியூர்ல... போன்ல சொல்லச் சொல்ல நான் செய்யணும்... லைன் நிக்கவே மாட்டேங்குதுடா! நீங்க போட்ட மெஷின்தானே?"

அங்கே மெஷினை மாட்டியதும் நான்தான்; அந்த வார்டில் அலை விழுகிற நாலு இடங்களும் எனக்கு மனப்பாடம்.

"அக்கா, மூணாவது கட்டில் பக்கத்துல தூண் இருக்குல்ல? அங்க போய் நில்லு. அசையாதே."

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அவள் குரல் அத்தனை தெளிவாக வந்தது.

"நின்னுட்டேன். அவர் எட்டாவது கட்டில்ல கிடக்கிறாருடா."