இரவு எட்டு மணிக்கு மேசை

கைபேசித் திரையில் அந்தப் பூசாத சுவரைக் கண்டதும் சறோஜினிதேவிக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் மூன்று மாடி எழுப்பியவனுக்குச் சீமெந்து பூசும் நேரத்தில் காசு முடிந்துபோய்விட்டதாக்கும். கல்லுத் தெரிய நின்ற அந்தச் சுவருக்கு முன்னால் மஞ்சள் பல்புகள் கயிற்றில் தொங்கின. நயினாதீவில் யாராவது இப்படிப்பட்ட சுவரோடு குடிபுகுந்தால் சொந்தக்காரர்கூடப் பால் காய்ச்ச வரமாட்டார்கள். இங்கே என்னவென்றால் அதையே படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், நாலாயிரம் பேர் அதற்கு விருப்பம் வேறு தெரிவித்திருக்கிறார்கள். இந்த உணவகத்தின் மொட்டை மாடியில்தான் அவளுடைய மகள் பிரியவதனி அடுத்த மாதம் தன் இருபத்தோராவது பிறந்தநாள் விருந்தை வைக்கப் போகிறாளாம்.

விரலால் தள்ளத் தள்ளக் கைபேசியில் இன்னும் வந்தன. நீட்டுக்கால் கண்ணாடிக் கிளாசில் இரண்டு மிடறு ஒடியல் கூழ், அதன் விளிம்பில் செருகிய ஒரு முருங்கையிலை. பனங்கிழங்கைச் சீவிப் பொரித்து, மேலே வெள்ளையாக எதையோ தடவி, ஒரு கருங்கல்லில் அடுக்கியிருந்தார்கள். இவர்களுக்குச் சாப்பாட்டுக் கோப்பைக்கும் பஞ்சமா என்று சறோஜினிதேவி கேட்டாள். பக்கத்துக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கணவர் சுதாகரன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். கல்யாணமான நாள் முதலாகப் பதில் சொல்லாமல் இருந்து நல்ல பயிற்சி பெற்றவர்.

சறோஜினிதேவி தீவில் பள்ளிக்கூட ஆசிரியை. இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்புக் கோடு போட்டுப் போட்டு, இப்போது ஆட்களைக் கண்டாலும் கோடு போடுகிற பழக்கம் வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் கூறைச்சேலை மட்டம். செத்தவீட்டுக்குப் போனால் தேவாரம் பாடியவனின் ராகம் பிழை. அவள் வருவதைக் கண்டு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்ளும் பெண்கள் கோயில் வீதியில் பத்துப் பேராவது இருந்தார்கள். அதை அவள் மரியாதை என்று நினைத்தாள்.

இவ்வளவு நக்கலுக்கும் நடுவில், அந்த மொட்டை மாடிக்குப் போக அவளுக்கு ஆசையாக இருந்தது. இதுதான் உண்மை. பிரியவதனி ஒரே பிள்ளை. ஏழு வருடம் அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை. பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு மாதத்தில் ஒரு தரம் வருவாள், வந்தாலும் தாயோடு முகம் கொடுத்துப் பேசமாட்டாள், அடுத்த நாள் முதல் வள்ளத்தில் போய்விடுவாள். அவள் இருபத்தொரு வயதுக்கு மெழுகுதிரி ஊதும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தாய்க்கு இருக்காதா? ஆனால் அதைக் கேட்டு வாங்குவதற்குச் சறோஜினிதேவிக்கு வாய் வராது.

அழைப்பு என்று ஒன்று வந்ததுதான். எட்டு மணிக்கு, எட்டுப் பேருக்கு மேசை சொல்லியிருக்கிறோம், வர ஏலுமென்றால் நீங்களும் வாருங்கள் என்று பிரியவதனி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். காலை எட்டு மணி இல்லை, இரவு எட்டு மணி.

நயினாதீவில் இருக்கிறவர்களுக்குச் சுவரில் எத்தனை மணிக்கூடு தொங்கினாலும் கணக்கு ஒன்றுதான். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு? பட்டினத்தில் கல்யாணம் என்றால் முதல் பந்தியில் கையை நனைத்துவிட்டு எழும்புவார்கள். டொக்டரிடம் போனால் முதல் நம்பருக்குக் கெஞ்சுவார்கள். பொழுது சாயும்போது குறிகட்டுவானில் நிற்காத தீவான் அன்றைக்கு வீட்டில் படுக்கமாட்டான். பட்டினத்தில் இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு என்று ஒருவர் சொன்னால் அது தீவாருக்கு இல்லாத சாப்பாடு. இது ஊரில் பால்குடிக்கும் தெரியும்.

ஆகவே நேரத்தை வைத்தது மகள் இல்லை என்று சறோஜினிதேவி முடிவெடுத்தாள். அவளோடு திரிகிற கூட்டம்தான் வைத்திருக்கும். அந்தக் கூட்டத்தைச் சறோஜினிதேவிக்குத் தெரியும். தலைமயிரில் பாதிக்குச் செம்பு நிறம் அடித்த ஒருத்தி, தமிழில் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடிக்கத் தெரியாத இரண்டு பெடியன்கள், பிறகு அந்த நிலக்சனா. ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொன் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். போன வருடம் தேர்த் திருவிழாவுக்கு மகளோடு வீட்டுக்கு வந்திருந்தாள். கரம்பொனில் எந்தப் பக்கம் என்று சறோஜினிதேவி கேட்டபோது, கடற்கரைப் பக்கம், அப்பா கடல் தொழிலுக்குப் போகிறவர் என்று அந்தப் பிள்ளை நேராகவே சொன்னாள். அதற்குமேல் சறோஜினிதேவி ஒன்றும் கேட்கவில்லை.

மகளுக்குத் தொலைபேசி எடுத்து, மத்தியானத்துக்கு மாற்றச் சொன்னாள். பகலில் அந்த இடம் திறப்பதில்லை என்றாள் பிரியவதனி. இரவில் மட்டும் திறந்து வைக்க அதென்ன ஆந்தைக் கூடா என்று தாய் கேட்டாள். மகள் சிரிக்கவில்லை, வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

சரி, அப்படியென்றால் பட்டினத்திலேயே படுப்பது. கொக்குவிலில் சுதாகரனின் ஒன்றுவிட்ட தங்கச்சி நிசாந்தினி இருந்தாள். வாடகைக்கு எடுத்த மேல்மாடியில் புருசனும் இரண்டு பிள்ளைகளுமாக இருந்த அவளை, புறாக்கூட்டுக்காரி என்றுதான் சறோஜினிதேவி சொல்லுவது. அவள் வீட்டுப் படியை மிதித்து நாலு வருடம். இப்போது அவளுக்கே தொலைபேசி எடுத்து, ஒரு இரவுக்கு இடம் கேட்க வேண்டி வந்தது. கேட்டாள். மகளுக்காக அந்த அளவுக்கு இறங்கினாள் என்றால் பாருங்கள். நிசாந்தினி ஒரு சொல்லும் குத்திக் காட்டாமல், கட்டாயம் வாங்கோ அக்கா என்றது சறோஜினிதேவிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இடம் உறுதியானதும் விருந்தைத் தன் கையில் எடுத்தாள். முட்டை போடாத கேக் என்று மகளுக்குச் செய்தி அனுப்பினாள். வியாழக்கிழமை, ஒருவரும் மச்சம் மாமிசம் தொடக்கூடாது என்று இன்னொன்று. காலையில் அம்மனுக்கு அர்ச்சனை, பிறகுதான் மற்றக் கூத்தெல்லாம் என்று மூன்றாவது. மேசையில் யாருக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்று ஒரு தாளில் படம் கீறி அதையும் அனுப்பினாள். அதில் நிலக்சனாவுக்குக் கிடைத்தது கடைசிக் கதிரை. ஒன்றுக்கும் மறுமொழி வரவில்லை, எல்லாவற்றுக்கும் நீலக்குறி மட்டும் விழுந்தது.

சைவச் சாப்பாட்டுக்கு வேறு சட்டிபானை வைத்திருக்கிறார்களா என்று விசாரிக்கத்தான் கடைசியில் அந்த உணவகத்துக்கே தொலைபேசி எடுத்தாள். எடுத்த பெடியன் மடம், மடம் என்று இங்கிலிஷ் மரியாதையில் உருகினான். நீங்கள் வீகனோ வெஜிரேறியனோ என்று கேட்டான். நாங்கள் சைவம் என்றாள் அவள், அவனுக்குச் சமயபாடத்தில் பூச்சியம் போடுகிற குரலில். பிறகு மகளின் பெயரைச் சொல்லி முன்பதிவைப் பார்க்கச் சொன்னாள். அவன் பார்த்தான். இந்த மேசையை முதலில் மத்தியானம் பன்னிரண்டரைக்குத்தான் பதிந்திருக்கிறார்கள் மடம், அடுத்த நாள் திரும்ப எடுத்து இரவு எட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றான். பகலில் நீங்கள் திறப்பதில்லையே என்றாள் அவள். காலை பதினொரு மணியிலிருந்து திறந்திருக்கும் மடம், கிழமையில் ஏழு நாளும் என்றான் பெடியன். முதலில் பதிந்தது என்ன பெயரில் என்று கேட்டதற்கு, நிலக்சனா என்று சொன்னான்.

போதும். சறோஜினிதேவிக்கு எல்லாம் வெளித்துவிட்டது. மாற்றியதும் அவளாகத்தான் இருக்கும். பகலில் திறப்பதில்லை என்ற பொய்யை மகளின் வாயில் வைத்ததும் அவள்தான். தேருக்கு வந்து வாசலில் நின்று பல்லைக் காட்டிய பிள்ளைக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. சறோஜினிதேவிக்குக் கோபத்தோடு ஒரு திருப்தியும் வந்தது. ஆட்களைப் பற்றித் தான் போடும் கோடு ஒரு நாளும் பிழைத்ததில்லை என்று நினைத்தாள்.

விருந்துக்கு முந்திய சனிக்கிழமை பிரியவதனி வீட்டுக்கு வந்தாள். பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தவளைத் தாய் இருக்கவும் விடவில்லை. உணவகத்துப் பெடியன் சொன்னது முழுவதையும் ஒப்புவித்தாள். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"உந்தக் கரம்பொன்காரியின்ரை வேலைதான் இது. நான் அங்கை வரக்கூடாதெண்டு நேரத்தை மாத்தியிருக்கிறாள். உனக்கு இன்னும் விளங்கேல்லையோ?"

பிரியவதனி கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். தப்பிப் போக வழி தேடுகிற முகமாக அது இல்லை.

"மத்தியானத்துக்குப் பதிஞ்சது அவள்தான். உன்ரை அம்மாவும் அப்பாவும் கடைசி வள்ளத்துக்குத் திரும்ப வேணுமெல்லோ எண்டு சொல்லித்தான் பகலிலை வைச்சவள். எட்டு மணிக்கு மாத்தினது நான்."

"உனக்கென்ன விசரோ? கடைசி வள்ளம் எத்தினை மணிக்கெண்டு மறந்துபோச்சோ?"

"நான் நயினாதீவிலை பிறந்தனான், அம்மா. எனக்கு அது மறக்குமோ? தெரிஞ்சுதான் எட்டு மணி எண்டு வைச்சனான்."

சறோஜினிதேவி வாயைத் திறந்தாள். மகள் குரலை உயர்த்தாமலே தொடர்ந்து சொன்னாள். தேருக்கு வந்த அன்றைக்கு வீட்டில் இருந்த எல்லாருக்கும் கிளாசில் தேத்தண்ணி கொடுத்தீர்கள், நிலக்சனாவுக்கு மட்டும் பிளாஸ்ரிக் கப்பில் கொடுத்தீர்கள் என்றாள். அன்றைக்கு ஆட்கள் அதிகம், கிளாஸ் போதவில்லை என்றாள் தாய்.

"அலுமாரியிலை பன்ரண்டு கிளாஸ் சும்மா இருந்தது. நான்தான் அண்டு காலமை துடைச்சு அடுக்கினனான். அவள் குடிச்சிட்டுக் கழுவக் கொண்டுவந்தவள். கழுவாதை பிள்ளை, அது எறியிறதுதான் எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னனீங்கள். அவள் அதைத் தானே கொண்டுபோய்க் குப்பை வாளியிலை போட்டவள்."

அந்த நேரத்திலும் சறோஜினிதேவிக்கு முதலில் வந்த யோசனை, இதை வேறு யாரும் கவனித்திருப்பார்களோ என்பதுதான். சிவப்புக் கோடு போட்டே பழகியவளுக்குத் தன் கொப்பியை ஒருத்தி விரித்து வைத்தபோது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளை உன்னிடம் ஏதும் சொல்லி அழுதாளா என்று கேட்டாள்.

"ஒரு சொல்லும் சொல்லேல்லை. இண்டுவரைக்கும் சொல்லேல்லை. அதுக்குப் பிறகும் உங்களைக் கூப்பிட வேணும் எண்டு அவள்தான் ஒற்றைக்காலிலை நிண்டவள். அவளுக்கு முன்னாலை நீங்கள் இருந்து சாப்பிடுறதைப் பாக்க என்னாலை ஏலாது."

அவ்வளவுதான். அடுத்த நாள் முதல் வள்ளத்தில் பிரியவதனி போய்விட்டாள். போகும்போது வாறன் அம்மா என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சறோஜினிதேவி நிசாந்தினிக்கு எடுத்து, காய்ச்சல் போல இருக்கிறது, பயணம் சரிவராது என்றாள். உங்களுக்கென்று அறையெல்லாம் ஒதுக்கி வைத்திருந்தேனே அக்கா என்று நிசாந்தினி உண்மையாகவே கவலைப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் கேட்டவர்களிடம், மொட்டை மாடியில் கல்லில் வைத்துத் தருகிற பனங்கிழங்கைத் தின்ன நான் பட்டினம் போக வேணுமோ என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சொன்னால் அங்கே எல்லாரும் சிரிக்கத்தான் வேண்டும். அன்றைக்கு அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகளின் கொப்பிகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை சுதாகரன் கந்தோருக்கு வெளிக்கிட்டார். தோளில் வழக்கமான பை. கையில் இன்னொரு பை, அதற்குள் மடித்த நீல நிறச் சேட்டும் சாரமும் தெரிந்தன. இரண்டாவது பை எதற்கு என்று சறோஜினிதேவி கேட்டாள். பிள்ளை கூப்பிட்டிருக்கிறாள், கந்தோர் முடிந்து அப்படியே யாழ்ப்பாணம் போகிறேன் என்றார் அவர். பதில் சொல்லாத மனிதன் பதில் சொன்னது அவளுக்குப் புதுமையாக இருந்தது. எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு எப்படித் திரும்பி வருவீர்கள், நிசாந்தினியிடம் வரவில்லை என்று நான் சொல்லிவிட்டேனே என்றாள்.

"நான் இண்டைக்குத் திரும்பேல்லை. கரம்பொனிலை படுப்பன். நிலக்சனாவின்ரை தகப்பன் தன்ரை வான் வண்டியிலை கூட்டிக்கொண்டு போய் வாறாராம்."

அந்த வீட்டைப் பற்றி, அந்தக் கடற்கரையைப் பற்றி, அந்த ஆட்களைப் பற்றிச் சொல்ல அவளிடம் எத்தனையோ இருந்தன. எல்லாம் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தன. வாசற்படியில் குந்தியிருந்து செருப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்த மனிதனிடம் கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அவையளின்ரை வீட்டிலை தேத்தண்ணி குடிப்பியளோ?"

சுதாகரன் வாரைப் பூட்டி முடித்துவிட்டு எழும்பினார். இரண்டு பைகளையும் எடுத்தார்.

"ஓம்," என்றார். "இரண்டு வருசமாக் குடிக்கிறன்."