புளி போட்டுத் துலக்கிய போல்ட்டுகள்

வோபர்னில் சிவபாதம் வீட்டுக் கராஜில் காருக்கு இடம் இல்லை. கார் பனியிலும் மழையிலும் வெளியே நின்றது. உள்ளே ஒரு பாதியில் அவருடைய மோட்டார் சைக்கிள் இரண்டு குளிர்காலங்களாகப் பாகம் பாகமாகக் கிடந்தது. மற்றப் பாதியில் அவருடைய மனைவி யோகராணி மீன் பொரிக்கும் காஸ் அடுப்பை வைத்திருந்தார். வீட்டுக்குள் பொரித்தால் மணம் திரைச்சீலையில் ஏறிக்கொள்ளும். பிறகு கோடை வந்தாலும் இறங்காது. ஆகவே அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளில் நடப்பதுபோல அவரும் கராஜிலேயே பொரித்தார். பாதிக் கராஜ் போதாது என்பதில் மட்டும் கணவன் மனைவி இருவரும் ஒத்த கருத்துடையவர்களாக இருந்தனர்.

சிவபாதத்துக்கு ஒஷாவாவில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை. நகரும் வரிசையில் வரும் கார்களின் வலப்பக்கக் கதவுகளுக்கு ரப்பர் ஓரம் பொருத்துவது அவர் பொறுப்பு. கார் வரும், அவர் ரப்பரை அழுத்துவார், கார் போய்விடும். தெருவில் யாராவது கார்க் கதவை அடித்துச் சாத்தினால், அந்தச் சத்தத்தில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்வார். இப்படி வாழ்பவருக்கு, ஒரு வாகனத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை தம் கையால் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்ட வேண்டும் என்ற ஆசை வந்ததில் வியப்பில்லை. உடன் வேலை செய்த ஒருவர், தம் தகப்பனாருடைய 1947ஆம் ஆண்டு அமெரிக்க மோட்டார் சைக்கிளைப் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தபோது அந்த ஆசை கராஜுக்குள் வந்து படுத்துக்கொண்டது.

அன்றுமுதல் வீட்டுக்கு வருபவர்களுக்குத் தேநீருடன் ஒரு சொற்பொழிவும் கிடைத்தது. அதைத் தவறாமல் கேட்டவர், அதே தொழிற்சாலையில் வேலை செய்த நீக்கிலாஸ். மன்னாரைச் சேர்ந்தவர்; வயதில் இளையவர்; வாயில் மூத்தவர்.

"அந்தக் காலத்தில ஒரு எஞ்சினை மேசையில வைச்சு ஒரே ஆள்தான் பூட்டுறது," என்பார் சிவபாதம். "பிறகு பிரேம் தள்ளுவண்டியில ஏறி ஒரு ஆளிட்ட இருந்து மற்ற ஆளிட்டப் போகும். பெற்றோல் தாங்கியில கோடு கீறுறது கையால. அடிமட்டம் வைச்சு நேர் பாக்கிறதெல்லாம் கிடையாது. கடைசியில ஒருத்தன் ஏறித் தெருவில ஓடிப் பாப்பான்."

"மழை பெய்தா?"

"நனைஞ்சு ஓடுவான்."

"இப்ப எப்பிடியண்ணை?"

"இப்ப பிரேமை ரோபோ ஒட்டுது. பெயின்ரைத் தூளாய் அடிச்சுச் சூளையில சுடுகினம். ஓடிப் பாக்கிறதும் உள்ளுக்கதான், உருளையில. சில்லு சுத்தும், சைக்கிள் ஒரு அடியும் நகராது."

"அப்ப அது எங்களைப் போலதான். முழு நாளும் ஓடி, நிண்ட இடத்திலேயே நிக்கிறது."

ஆண்டுதோறும் ஒஷாவாவில் பழைய மோட்டார் சைக்கிள் கழகம் ஒன்று காட்சி நடத்தியது. தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளிவந்ததோ அப்படியே இருக்கும் சைக்கிளுக்குக் கழகம் ஒரு சான்றிதழ் வழங்கும். கராஜ் வழக்கை அதைக்கொண்டே தீர்ப்பது என்று யோகராணி முடிவு செய்தார்.

"சேர்ட்டிபிக்கற் கிடைச்சா கராஜ் உங்களுக்கு. கிடைக்காட்டி உந்த இரும்பு வெளியில, எனக்கொரு சிங்க் உள்ளுக்க. நீக்கிலாஸ், நீர்தான் சாட்சி."

"நான் ரெண்டு பக்கமும் சாப்பிடுறவன் அக்கா. எனக்கு எது நடந்தாலும் நட்டமில்லை."

கழகத்தின் விதி இரண்டு பாதிகளைக் கொண்டது. தொழிற்சாலையின் வேலையைவிடக் குறைவாக இருப்பது பிழை. அதைவிடக் கூடுதலாக இருப்பதும் பிழை. சிவபாதம் முதற்பாதியை மட்டும் மனைவிக்குச் சொல்லியிருந்தார். இரண்டாம் பாதியைச் சொல்லத் தேவையில்லை என்று அவர் கருதினார். தேவையில்லை என்று கருதப்பட்டவை எல்லாக் குடும்பங்களிலும் பின்னர் தேவைப்படுகின்றன.

காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடப்பதாக இருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலையில், கடைசியாகப் பூட்ட வேண்டிய போல்ட்டுகளையும் தாங்குதகடுகளையும் ஒரு தட்டில் பரப்பிவிட்டுச் சிவபாதம் வேலைக்குப் போனார். அவை மங்கிய கருஞ்சாம்பல் நிறமாக இருந்தன. பழைய தொழிற்சாலை இத்தகைய சிறு பாகங்களைத் துருப்பிடிக்காதிருக்கக் கூடையில் இட்டுக் கொதிக்கும் மருந்துநீரில் அமிழ்த்தி எடுக்கும். அந்த நிறம் அதனால் வருவது. அதே நிறத்தைப் பெறுவதற்கு அவர் ஒஷாவாவில் ஒரு பட்டறையின் வாசலில் பல சனிக்கிழமைகள் காத்து நின்றிருந்தார்.

யோகராணியின் கண்ணுக்கு அவை கரிபிடித்த சட்டியின் அடிப்பக்கமாகத் தெரிந்தன. வெள்ளிக்கிழமை அவர் குத்துவிளக்குத் துலக்கும் நாள். புளி கரைத்து வைத்திருந்தது. சட்டி தேய்க்கும் இரும்புத்தும்பு கையில் இருந்தது. கராஜ் யாருக்குப் போனாலும், சபைக்குப் போகும் சாமான் கரியோடு போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. விளக்கோடு சேர்த்துத் தட்டிலிருந்த அத்தனையையும் துலக்கினார். ஒவ்வொரு போல்ட்டின் புரியிலும் பழைய பல்துலக்கியை விட்டுத் தேய்த்தார்.

மாலையில் சிவபாதமும் நீக்கிலாசும் வந்தார்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில், வெள்ளைத் துவாயின்மேல், போல்ட்டுகள் பளபளவென்று அடுக்கப்பட்டிருந்தன.

"வடிவாய் இருக்கெல்லே?" என்றார் யோகராணி.

சிவபாதம் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். நீக்கிலாஸ் ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அக்கா, நீங்கள் எலெக்சனில நிண்டால் எதிர்க்கட்சிக்காரன் வீட்டை விட்டே வெளிக்கிடமாட்டான்."

"என்ன கதைக்கிறீர்?"

நீக்கிலாஸ் விதியின் இரண்டாம் பாதியைச் சொன்னார். யோகராணி கேட்டு முடித்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "நான் வேணுமெண்டு செய்தனெண்டு நினைக்கிறியளோ?"

"இல்லை," என்றார் சிவபாதம். கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னார். அந்தக் கொஞ்சத்தை யோகராணி கவனித்தார்.

"கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் பூசுவமே அண்ணை?"

"களவுவேலை வேண்டாம். மினுங்கிறதை மினுங்கிறதாய்ப் பூட்டுவம்."

ஞாயிற்றுக்கிழமை யோகராணியும் கூடப் போனார். சேலையின்மேல் கம்பளிச்சட்டை, கையில் மீன் கட்லட் பெட்டி. தலை நரைத்த வால்ற்றர் என்பவர் நடுவர். அவர் டோர்ச்லைட்டுடன் புல்லில் முழந்தாளிட்டுச் சைக்கிளைச் சுற்றி வந்தார். பெற்றோல் தாங்கியில் கீறியிருந்த பொன்னிறக் கோட்டைப் பார்த்துத் தலையசைத்தார். எஞ்சின் மூடியின் சொரசொரப்பை விரலால் தடவினார். அந்தச் சொரசொரப்பு, மணல் அச்சில் வார்த்த காலத்தின் அடையாளம். தூசு படாதிருக்கச் சிவபாதம் எஞ்சினைப் பழைய படுக்கைவிரிப்பால் மூடி வைத்திருந்ததால் அது யோகராணியின் கையிலிருந்து தப்பியிருந்தது. பிறகு டோர்ச்லைட் போல்ட்டுகளில் விழுந்தது. வால்ற்றர் கண்ணைச் சுருக்கினார்.

"இவற்றைத் துலக்கியது யார்?"

"நான்," என்றார் யோகராணி ஆங்கிலத்தில். "புளியால்."

வால்ற்றர் எழுந்து நின்றார். அந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் போல்ட்டைத் துலக்க நேரம் இருந்ததில்லை என்றும், கூடையில் அமிழ்த்தி எடுத்ததை அப்படியே முறுக்கி அனுப்பினார்கள் என்றும், ஆகவே சான்றிதழ் தர முடியாது என்றும் விளக்கினார். மற்ற எல்லாம் சரி என்றார், இது ஒன்றுதான்.

"அப்ப கரியும் ஊத்தையுமாய் வந்தால்தானோ முதற் பரிசு?" என்று யோகராணி தமிழில் கேட்டார். நீக்கிலாஸ் அதை ஓரளவு மரியாதையாக்கி ஆங்கிலத்தில் சொன்னார்.

வால்ற்றர் சிரித்தார். இன்றைய தொழிற்சாலைகளில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தையும் இயந்திரங்கள் மினுக்கி அனுப்புகின்றன என்றார். அம்மா அங்கே போயிருந்தால் நல்ல சம்பளம் கிடைத்திருக்கும் என்றும் சொன்னார்.

"கேட்டீங்களே அக்கா, நீங்கள் ரோபோவாம்."

"ஒழுங்கு தெரிஞ்ச ரோபோ," என்றார் யோகராணி. ஆனாலும் கட்லட் பெட்டியை அவர் நடுவரிடம் நீட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிவபாதம் சைக்கிளை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினார். யோகராணி தேநீருடன் கராஜுக்குள் வந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"உம்மட சிங்குக்கு இடம் விடுறன். சைக்கிளை வேலையில ஒருத்தன் கேட்டவன்."

"வேற பிழை ஒண்டும் இல்லையெண்டுதானே அந்தாள் சொன்னவர்?"

"ஓம்."

"அப்ப நீங்கள் தோக்கேல்லை. நான் துலக்கினதுதான் தோத்தது. யோகராணி புளியைப் போட்டுக் கராஜை வெண்டவ எண்டு நீக்கிலாஸ் ஊரெல்லாம் சொல்லித் திரியவோ?"

"அவன் வாற வழியிலேயே சொல்லத் துவங்கீட்டான்."

"அதுதான். எனக்கு உந்த வெற்றி வேண்டாம். போல்ட்டைத் திரும்பக் கரியாக்கி அடுத்த வருசம் கொண்டு போங்கோ. சிங்க் அதுவரைக்கும் பொறுக்கட்டும். பெட்டியை வைச்சிட்டுத் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது."

சிவபாதம் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

போல்ட்டுகள் மீண்டும் பட்டறைக்குப் போய் மீண்டும் கருஞ்சாம்பலாயின. அந்த ஆண்டு முழுவதும் மீன் பொரிக்கும்போதெல்லாம் யோகராணி அவற்றுக்கு முதுகைக் காட்டியே நின்றார். தம் கையை அவரே நம்பவில்லை. சிவபாதமும் நம்பவில்லை. அடுத்த காட்சி வந்த வாரத்தில் சமையலறையிலிருந்த புளிப்போத்தல் காணாமற் போனது. யோகராணி அலுமாரிகளைத் தேடினார். கணவர் ஒன்றும் அறியாதவராகப் பத்திரிகை வாசித்தார். அந்த வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு மங்கலாகவே எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வால்ற்றர் மறுபடியும் புல்லில் முழந்தாளிட்டார். போல்ட்டு போல்ட்டாகப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை, கூடுதலும் இல்லை. எழும்பி, பேனாவைத் திறந்துகொண்டு, கடைசியாகச் சைக்கிளின் பின்பக்கத்தில் தொங்கிய தோற்பையின் வாரை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டவர் ஒரு பிளாஸ்ரிக் போத்தலை எடுத்தார். மூடியைத் திருகி மணந்து பார்த்தார்.

"இதுவும் 1947இல் தொழிற்சாலையிலிருந்து வந்ததா?"

சிவபாதம் புல்லைப் பார்த்தார். நீக்கிலாஸ் வானத்தைப் பார்த்தார். யோகராணி முன்னே வந்து, நடுவரின் கையிலிருந்து போத்தலை வாங்கித் தம் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"அது எங்கட வீட்டுச் சாமான் எண்டு சொல்லும் நீக்கிலாஸ். மிச்சமெல்லாம் அந்தத் தொழிற்சாலையின்ர."

நீக்கிலாஸ் சொன்னார். வால்ற்றர் கையொப்பமிட்டார். யோகராணி இந்தமுறை கட்லட் பெட்டியைத் திறந்து முதலாவதை அவரிடம் நீட்டினார். கணவருக்கு நீட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"கராஜ் உங்களுக்குத்தான். ஒரு கிழமையாய் என்னை அலுமாரி அலுமாரியாய்த் தேட வைச்சதுக்கு, இனி மீன் பொரிக்கிறதும் நீங்கள்தான்."