மற்றவர்கள் தந்த நாட்கள்

சிறி அண்ணாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடல் கடந்து நாங்கள் பிழைக்க வந்த டண்டினொங் நகரில், எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் அவர் அடுப்புப் பகுதியின் மேற்பார்வையாளர். நான் அலுவலகத்தில் சம்பளமும் லீவும் பார்ப்பவள். அவர் யாழ்ப்பாணம், நான் கும்பகோணம். ஆனாலும் என்னைத் 'தங்கச்சி' என்றே கூப்பிடுவார்.

அவர் மனைவி மிருணாளினிக்கு மூளையில் கட்டி. வீட்டில் நோயாளி இருந்தால் எடுக்கச் சட்டப்படி முதலாளி தரும் லீவு, ஆஸ்பத்திரிக்கு ஓடியதிலேயே தீர்ந்துவிட்டது. அவருடைய வருடாந்தர விடுமுறையும் கரைந்து போயிற்று. மிச்சம் இருந்தது எங்கள் தொழிற்சாலையின் பொது லீவு மட்டும்தான். அது அரசாங்கமோ முதலாளியோ தருவதில்லை. நாங்களே எங்கள் விடுமுறையிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து, கஷ்டப்படுகிறவருக்காகப் போட்டுவைப்பது. வியட்நாம்காரி ஹோவா தன் புத்தாண்டுக்கு வைத்திருந்ததைத் தந்தாள். கணேசலிங்கம் அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்குப் போக வைத்திருந்ததைத் தந்தார். நானும் என் பங்குக்கு ஒரு நாள் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் சிறி அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் ஒரு நாளைக்கூட எடுக்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வேலைக்கு வந்து நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோபல் பார்க் என்ற பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். மிருணாளினி அக்கா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, சொற்களைத் தேடித் தேடிப் பேசினார்.

"யாமினி, பேச்சுத்தான் முதல் போகுமாம், டொக்டர் சொன்னவர். அதுக்குள்ள இவரோட இருந்து கொஞ்சம் கதைக்கவேணும். நீங்கள் சொன்னாக் கேப்பார்."

கிளம்பும்போது வாசலில் வைத்தே சிறி அண்ணாவைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, லீவு சும்மாதானே கிடக்குது? நாளையிலேர்ந்து எடுங்க."

"கதைச்சுக்கொண்டிருக்கவோ சனத்தின்ர லீவை எடுக்கிறது? அந்தப் பிள்ளை புதுவருசத்துக்கு வச்சிருந்த நாள் அது. இவ படுக்கையில விழேக்க தூக்க, குளிப்பாட்ட ஆர் இருக்கினம்? அதுக்கு வேணும், தங்கச்சி."

"அப்ப அவங்க பேசணும்னு கேக்கறதுக்கு என்ன பதில்?"

"பின்னேரம் வந்து கதைக்கிறன்தானே."

பின்னேரம் வந்து பேசிய லட்சணம் எனக்குத் தெரியும். அடுப்புச் சூட்டில் நாள் முழுக்க நின்றவர், சாப்பிட்டதும் சோபாவிலேயே தூங்கிப்போவார். அந்த மனுஷி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். மனுஷன் கல்லா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

குளிர்காலம் பிறந்ததும் பேச்சு நின்றது. அக்காவால் எழுந்து நிற்கவும் முடியாமல் போனபோதுதான் அவர் லீவு எடுத்தார். குறை சொல்லக்கூடாது, ஒரு தாதியும் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். தூக்கினார், துடைத்தார், ஊட்டினார். நான் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் முதன்முதலில் ஸ்பிரிங்வேலில் வாடகைக்கு இருந்த வீட்டைப் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் கண் அவர் மேலேயே இருந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "என்னம்மா, என்னப்பா சொல்லுறீர்?" என்று அவர் கெஞ்சியதைக் கேட்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

யாரும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே அக்கா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஆக்கள் தந்த லீவில மிச்சம் கிடக்குது. அவையிட்டத் திருப்பிக் குடுத்துவிடுங்கோ."

"யாருமே அதைக் கேக்கல அண்ணா. நீங்களே வச்சுக்கங்க. வீட்ல கொஞ்ச நாள் இருங்க."

"வீட்டில இருந்து என்ன செய்யிறது?" என்றார். "அது நான் அவவோட கதைச்சிருக்கவேண்டிய நாள்கள்."

அவரை ஒரு நாள் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.