கோட்டுக்கு அந்தப் பக்கம்

கல்லூரியில் முப்பத்தாறு வருசம் ஆங்கிலம் நடத்தி, கடலூர் ஜில்லாவில் பாதிப் பேரை அரியர் வைக்கச் செய்த பெருமை எனக்கு உண்டு. ஓய்வுபெற்றதும் அந்தப் பாவத்தைக் கழுவ, ஆங்கிலத்தில் எழுதிய நவீனக் கவிஞர்களுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினேன். ஆறு கவிஞர்கள். ஆறு பேரும் போய்ச் சேர்ந்தவர்கள். ஏழாவதாக என் தங்கை ஜான்சியை நுழைத்துவிட்டேன்.

நெல்லிக்குப்பம் தபால் ஆபீசில் வேலை பார்த்தபோது, தந்தி பாரத்தின் முதுகில் இங்கிலீஷில் கவிதை எழுதியவள். ஒரு வரிகூட அச்சேறியதில்லை. இப்போது கடலூரில், இரண்டு கிட்னியும் போய், வாரம் இரண்டு நாள் மிஷினோடு கிடந்தாள்.

"கண்ண மூடறதுக்குள்ள எம்பேர அச்சுல பாத்துடணும்ண்ணே."

அள்ளிவிட்டேன். அவளைப் படித்த லண்டன், மூன்று நாள் சோறு தின்னவில்லை என்று எழுதினேன்.

2011 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சிதம்பரத்திலிருந்து அச்சகக்காரர் அருள்முருகன் போன் செய்தார்.

"சார், எல்லாருக்கும் பொறந்தது, செத்ததுன்னு ரெண்டு வருசம் போட்டிருக்கீங்க. ஏழாவது அம்மாவுக்கு 1953, ஒரு கோடு, அப்புறம் ஒண்ணுமில்ல. உட்டுப்போச்சா?"

"உசுரோட இருந்தா எவன்யா கவிஞர்னு ஒத்துப்பான்?" என்று சிரித்து, போனை வைத்தேன். என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரமே 'தானே' புயல் பண்ருட்டிப் பலா மரங்களைப் பிடுங்கி ஆகாயத்தில் நட்டது. ரோடெல்லாம் மரம். ஜான்சி இரண்டு தடவை மிஷினுக்குப் போக முடியவில்லை. முகம் வீங்கிப்போனது.

பொங்கலன்று புத்தகக் கட்டு வந்தது. ஜான்சியின் வீட்டுக்காரர் லூர்துசாமி கயிற்றை அறுத்தார். அவள் தன் பக்கத்தைப் பார்த்தாள். பேருக்குக் கீழே, 1953 – 2011.

"அண்ணே, நான் செத்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆவுதாம். ஒரு மாலையக்கூட காணோமே."

"என்ன மச்சான் பண்ணி வச்சிருக்க?" என்றார் லூர்துசாமி.

நான் அடித்த ஜோக்கை அருள்முருகன் பதிலாக எடுத்து, அந்த வருசத்தையே போட்டுவிட்டிருந்தார். "முந்நூறு காப்பியையும் கொளுத்திட்டு வேற அடிக்கச் சொல்றேன்" என்றேன்.

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே. பேனாவக் குடு."

2011-இல் கடைசி ஒன்றின் தலையை வளைத்து, காலை இழுத்து, இரண்டாக்கினாள்.

"இந்த வருசம் பூரா இருக்கே, போதும்."

தினம் நாலைந்து புத்தகம் திருத்தினாள். பிப்ரவரியில் அவள் போனபோது நூற்றுப்பதினேழு முடிந்திருந்தது. மீதியை நான் திருத்துகிறேன். அவள் போட்ட இரண்டைப் போல ஒன்றுகூட எனக்கு வரவில்லை.